ஒரு பல், 18 டிகிரி

காலை ஆறரை மணி. சாவியைத் திருப்பினேன். ஐந்து விநாடி, எட்டு விநாடி, பன்னிரண்டு விநாடி. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாவது முயற்சியில் ஒரு குலுக்கலோடு பிடித்தது. பின்னாலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகையில் எதிர்வீட்டு மாடிப்படி மறைந்தே போனது. கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்.

பாட்டியின் கணிப்பில் அறிவியல் பிழை எதுவும் இல்லை. புகை அடிக்கும் அந்த எந்திரத்தில் மருந்தை டீசலில் கலந்து சூடான குழாய்க்குள் விடுகிறார்கள். டீசல் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் நுண்துளிகளாகக் குளிர்ந்து வெள்ளையாக மிதக்கிறது. என் காருக்குப் பின்னால் மிதந்ததும் அதுவே: எரியாத டீசல். கண்ணைக் கரித்தது, தொண்டையில் நின்றது. இரண்டு நிமிடத்தில் புகை அடங்கியது. பிறகு வண்டி ஓடியது, ஆனால் மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை. யாரோ பின்னால் பிடித்துக்கொண்டிருப்பது போல.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றியிருந்தேன். பழைய பெல்ட்டோடு நன்றாக ஓடிய வண்டி புதுப் பெல்ட்டோடு திணறியது. இந்த அத்தியாயம் அந்தத் திணறலைப் பற்றியது.

பெட்ரோல் எஞ்சினில் தீ வைப்பதற்கென்று ஒரு ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறிலிருந்து இருபத்திரண்டு மடங்குவரை நெருக்குகிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே காரணத்தால் இந்தக் காற்றும் சூடேறுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சிய உடனே தீப்பிடிக்காது. துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, சூடேறிப் பற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் சற்று முன்பே பீய்ச்சத் தொடங்க வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பதுதான் டீசல் எஞ்சினின் டைமிங்.

பிந்தினால் என்ன ஆகும்? பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிடும், காற்று விரியும், விரியும் காற்று குளிரும். சூடான எஞ்சினில் அந்தக் குளிர்ச்சியையும் மீறி டீசல் பற்றிக்கொள்ளும். விடியற்காலையில், இரும்பெல்லாம் ஆறிக் கிடக்கும்போது, ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும் வேகத்தில், பற்றாது. வெள்ளைப் புகையாகப் போய்விடும். முந்தினால் வேறு கதை: பற்றுவதற்குமுன் டீசல் நிறையச் சேர்ந்துவிடும், பிறகு சேர்ந்ததெல்லாம் ஒரே அடியாக வெடிக்கும். சம்மட்டியால் அடிப்பது போன்ற அந்த 'நாக்' சத்தத்தைத் தெருமுனையிலிருந்தே கேட்கலாம். புகை குறைவாக இருக்கும், சிலருக்கு இழுவைகூட அதிகரித்ததுபோல் தோன்றும். அதை நம்பக்கூடாது. ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் தாங்கும் அழுத்தத்தின் எல்லையில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இதுவரை சொன்னது எரிபொருளின் நேரம். பெல்ட்டிடம் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது: வால்வுகளின் நேரம். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றி, இன்லெட் வால்வையும் எக்ஸாஸ்ட் வால்வையும் தலா ஒருமுறை திறந்து மூட வேண்டும். பட்டறையில் 'டைமிங் அவுட்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. வால்வின் நேரம் தவறியதா, டீசலின் நேரம் தவறியதா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். பிரிக்காமல் பானாவைக் கையில் எடுப்பவர் சரியாக இருந்ததையும் கெடுப்பார்.

பல் வைத்த இந்த ரப்பர் பட்டை பிறந்தது தையல் எந்திரத்துக்காக. ஊசி இறங்கும் நேரமும் கீழே பாபின் சுற்றும் நேரமும் பிசகாமல் இருக்க, 1940களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேஸ் என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். கார் எஞ்சினுக்கு அது வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் டிங்கால்ஃபிங் ஊரிலிருந்த கிளாஸ் நிறுவனத்தின் 1004 என்ற சிறிய கார் 1960களின் தொடக்கத்தில் ரப்பர் பெல்ட்டோடு வந்தது. 1976ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசலில் ஒரே பெல்ட் கேம் ஷாஃப்டையும் டீசல் பம்பையும் சேர்த்துச் சுழற்றியது. அதற்குப் பின் வந்த எத்தனையோ சிறிய டீசல் கார்கள், நம் சாலைகளில் ஓடியவை உட்பட, அந்த ஏற்பாட்டையே பின்பற்றின. இன்றைய பெல்ட்டின் உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. அதனால் நீளவாக்கில் அது ரப்பர் போல இழுபடுவதில்லை.

இப்போது தலைப்புக் கணக்கு. கிராங்கிலுள்ள சிறிய புல்லியில் 20 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 360 டிகிரி; இருபதால் வகுத்தால் ஒரு பல்லுக்கு 18 டிகிரி. கேம் புல்லியில் 40 பல் இருக்கும். அங்கே ஒரு பல் 9 டிகிரி, ஆனால் கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் அதுவும் 18 டிகிரியே. புல்லியில் பல் எண்ணிக்கை கூடக்குறைய இருந்தால் 15 டிகிரியாகவோ 17 டிகிரியாகவோ மாறும், அவ்வளவே. டீசல் பீய்ச்சும் நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலே சத்தம் மாறும் எஞ்சினுக்கு 18 டிகிரி என்பது பெரிய விபத்து. எனவே பெல்ட் மாற்றிய பிறகு வண்டி 'கொஞ்சம் சரியில்லை' என்றால், பம்ப் பக்கம் முழுப் பல் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. முழுப் பல் தப்பினால் கொஞ்சம் சரியில்லாமல் இருக்காது. பிடிக்கவே பிடிக்காது, அல்லது பிடித்துப் பயமுறுத்தும்.

கேம் பக்கம் ஒரு பல் தப்பினால் அறிகுறி வேறு. கேம் பிந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்லெட் வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாது; பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் திறந்திருக்கும். உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். மிச்சக் காற்றை நெருக்கினால் போதிய அழுத்தம் வராது, போதிய வெப்பமும் வராது. இது நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவில் நடக்கும், ஏனென்றால் நான்கின் வால்வுகளையும் இயக்குவது அதே கேம். கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்க்கும் மெக்கானிக் இதைத்தான் தேடுகிறார். நேரடியாகப் பீய்ச்சும் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றில் புதிதாக இருக்கையில் 25 முதல் 31 பார் வரும், 19 பாருக்குக் கீழே போனால் தேய்ந்துவிட்டது என்று கையேடு சொல்லும். நான்கும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் கேம் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். ஒன்றோ இரண்டோ மட்டும் விழுந்திருந்தால் வால்வு வளைந்திருக்கிறது, அல்லது ரிங் போயிருக்கிறது.

வால்வு வளைவது டீசலில் எப்போதும் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். அவ்வளவு நெருக்காவிட்டால் அவ்வளவு சூடு வராது. எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் நேரத்தில் இரண்டு வால்வுகளும் இம்மியளவு திறந்திருக்கும். பிஸ்டன் அவற்றை உரசாமல் வந்துபோகும். கேம் பிந்தினால் எக்ஸாஸ்ட் வால்வு ஒதுங்குவதற்குள் பிஸ்டன் வந்து முட்டும். முந்தினால் இன்லெட் வால்வு அவசரப்பட்டு இறங்கி மாட்டிக்கொள்ளும். ஆகவே ஹெட்டைக் கழற்றியபின் எந்த வரிசை வால்வுகளில் அடிபட்ட தடம் இருக்கிறது என்று பார்த்தாலே கேம் எந்தப் பக்கம் விலகியது என்று சொல்லிவிடலாம். காலம் கடந்த ஞானம், ஆனாலும் ஞானம்.

அந்த நிலை வராமலிருக்கத்தான் பெல்ட் போட்டதும் சாவியைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டிக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றச் சொல்கிறார்கள். இதைச் செய்து பார்த்தவர்களுக்குக் கையில் ஒரு பாடம் பதிந்திருக்கும். நெருங்கும் காற்று எதிர்க்கும்போது மெத்தென்று இருக்கும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரிங் வழியே கசிந்து இளகிவிடும். வால்வு முட்டினால் இளகாது. 'டக்' என்று கல்லில் மோதியதுபோல் நிற்கும். நின்ற இடத்தில் நிறுத்திவிட்டால் நஷ்டம் ஒரு மணி நேர வேலை. சாவியைத் திருப்பியிருந்தால் ஹெட் வேலை.

இரண்டு சுற்று முடிந்ததும் புல்லி மார்க்குகள் மறுபடி நேராக வந்து நிற்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. சில பெல்ட்டுகளின் முதுகில் வெள்ளைக் கோடுகள் அச்சிட்டு வரும், புல்லி மார்க்கோடு பொருத்துவதற்காக. இரண்டு சுற்று சுற்றியபின் அந்தக் கோடுகள் எங்கேயோ போயிருக்கும். புதிதாக வேலை கற்பவர் பதறி, பெல்ட்டைக் கழற்றி மறுபடி போடுவார், மறுபடி சுற்றுவார், மறுபடி கோடு காணாமல் போகும். தவறு எதுவுமில்லை. பெல்ட்டில் 145 பல், கிராங்க் புல்லியில் 20 பல் என்றால், பெல்ட்டின் அதே பல் அதே இடத்துக்குத் திரும்பி வர கிராங்க் 29 சுற்று சுற்ற வேண்டும். பெல்ட் கோடு முதன்முறை பொருத்துவதற்கு மட்டும். அதன்பின் அதற்கு மதிப்பில்லை. புல்லி மார்க் மட்டுமே சாட்சி.

அந்தச் சாட்சியும் சில நேரம் பொய் சொல்லும். கிராங்கின் முனையில் வெளியே தெரியும் பெரிய புல்லியின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது, அதிர்வை விழுங்குவதற்காக. வயதான ரப்பர் வழுக்கினால் வளையத்தோடு மார்க்கும் நகர்ந்துவிடும். அதனால்தான் பல எஞ்சின்களில் உண்மையான 'டாப்' (பிஸ்டன் உச்சி) மார்க் ஃப்ளைவீலில் இருக்கிறது, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சிறு துளை வழியே குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் அதிலும் ஒன்றிரண்டு டிகிரி ஏமாற்றம் உண்டு.

மார்க் வேண்டாம், ஆறிய எஞ்சினைக் கிளப்பச் சூடேற்றும் க்ளோ பிளக்கின் துளையில் ஒரு கம்பியை விட்டு, கம்பி உச்சிக்கு வரும் இடத்தை டாப் என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். 95 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில், கிராங்க் உச்சியிலிருந்து 5 டிகிரி தள்ளி நின்றால் பிஸ்டன் இறங்கியிருப்பது வெறும் கால் மில்லிமீட்டர். உச்சியில் பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஊஞ்சல் உயரத்தில் ஒரு கணம் நிற்பதைப் போல. கம்பியைப் பிடித்திருக்கும் விரலுக்குக் கால் மில்லிமீட்டர் தெரியாது. உண்மையான டாப் வேண்டுமென்றால் உச்சியைத் தேடக்கூடாது. உச்சிக்கு முன்னும் பின்னும் கம்பி ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு இடங்களைக் குறித்து, நடுவை எடுக்க வேண்டும். பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அளந்தால் பிழை சுருங்கும்.

இன்னொரு குழப்பமும் டாப்பைச் சுற்றியே நடக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் சுழற்சியில் முதல் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது: ஒருமுறை காற்றை நெருக்கி, ஒருமுறை புகையைத் தள்ளி. எது எது என்று கிராங்க்குக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது கேம். கேமை அரைச்சுற்று மாற்றிப் போட்டாலும் கிராங்கும் கேமும் ஒத்துப்போகும், வால்வு எதுவும் முட்டாது, கம்ப்ரஷனும் முழுதாக வரும். ஆனால் பம்ப் பழைய இடத்திலேயே இருந்தால் அது புகையைத் தள்ளும் உச்சியில் டீசலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். எல்லா மார்க்கும் சரி, கம்ப்ரஷன் சரி, டீசல் வருகிறது, வண்டி மட்டும் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை என்றால் இதை நினைத்துப் பாருங்கள்.

இனி எஞ்சினின் தலைமுறை. இது தெரியாமல் நோய் கண்டுபிடிக்கப் போவது, நோயாளியின் வயதைக் கேட்காமல் மருந்து எழுதுவது போன்றது.

முதல் தலைமுறையில் பெல்ட்டே பம்பைச் சுழற்றுகிறது. பாஷ் நிறுவனத்தின் வி.இ. வகை ரோட்டரி பம்ப் இதில் புகழ்பெற்றது. ஒரே ஒரு பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் அசைந்து நான்கு குழாய்களுக்கும் முறைவைத்து டீசலைப் பங்கிடும். இங்கே பெல்ட்டில் பிழை நேர்ந்தால் வால்வும் தவறலாம், டீசலும் தவறலாம், இரண்டும் தவறலாம். இரண்டாவது வகையில் பம்ப் தனியாக இல்லை. ஒவ்வொரு சிலிண்டர் மேலும் ஒரு பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்த ஒரே உருப்படி உட்கார்ந்திருக்கும், அதைக் கேமே அழுத்தும். 1998ல் ஃபோக்ஸ்வாகன் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் அழுத்தம் 2000 பாரைத் தாண்டியது. கேம் நகர்ந்தால் வால்வும் டீசலை அழுத்தும் நேரமும் சேர்ந்தே நகரும். இங்கே ஸ்கேனரில் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை நேரடியாகப் பார்க்கலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது இன்றைய காமன் ரெயில். 1997ல் ஆல்ஃபா ரோமியோ 156 இதைப் பயணிகள் காருக்குக் கொண்டுவந்தது. பம்பின் வேலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தத்தை நிரப்பி வைப்பது மட்டும். எப்போது பீய்ச்சுவது என்பதைக் கிராங்க் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. எனவே காமன் ரெயிலில் பெல்ட்டைத் தப்பாகப் போட்டு டீசலின் நேரத்தைக் கெடுப்பது அரிது. கெடுவது வால்வின் நேரம். கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் பி0016 என்ற பிழைக் குறியீடு (கோடு) வரும். அந்தக் கோடு வந்தவுடன் சென்சாரை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் மாற்றிய மறுநாள் வந்த பி0016க்குச் சென்சாரைப் பழிப்பது, கல்யாணத்துக்கு மறுநாள் காணாமல் போன வெள்ளிக் குத்துவிளக்கைப் பூனை கொண்டுபோயிருக்கும் என்று சொல்வதற்குச் சமம்.

என் கார் முதல் தலைமுறையின் கடைசிப் பிள்ளை: ரோட்டரி பம்ப், ஆனால் அதன் நேரத்தைத் திருத்தும் பொறுப்பு கம்ப்யூட்டரிடம். பெல்ட் மாற்றிய பட்டறைக்குத் திரும்பப் போனேன். "புது பெல்ட்டுங்க, நூறு கிலோமீட்டர் ஓட்டுனா செட் ஆயிரும்" என்றார்கள். பெல்ட் செருப்பில்லை, போட்டு நடந்தால் பழகுவதற்கு. கோவையிலேயே வேறொரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அறுபதைத் தாண்டியவர், டீசல் பம்ப் வேலையிலேயே தலை நரைத்தவர்.

அவர் பானெட்டைத் திறக்குமுன் கேட்டார்: "பெல்ட்டு மாத்துறப்போ வேற என்னென்னங் தம்பி கழட்டுனாங்க?"

"டீசல் ஃபில்டரைத் தள்ளி வெச்சாங்கண்ணா. வாட்டர் பம்பும் மாத்தினாங்க."

"அப்பொ மொதல்ல காத்தைப் பாத்துப்போம்."

ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஒளி ஊடுருவும் குழாயில் டார்ச்சைப் பிடித்தார். குழாயில் காற்றுக் குமிழி ஓடினால் ஸ்டார்ட்டிங் தகராறு, இழுவைக் குறைவு, வெள்ளைப் புகை மூன்றும் வரும். டைமிங்கைக் குற்றம் சொல்லவே வேண்டாம். குமிழி இல்லை. டர்போ குழாய் கிளிப்பை ஆட்டிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. க்ளோ பிளக்குகளுக்குக் கரன்ட் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் பலர் பத்தாயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள்.

ஸ்கேனரில் கோடு எதுவும் இல்லை. நான் சோர்ந்து போனேன், அவர் சோரவில்லை. கோடு இல்லை என்றால் கோளாறு இல்லை என்று பொருளில்லை, கம்ப்யூட்டரால் இன்னும் சமாளிக்க முடிகிறது என்று பொருள். இந்த வகை எஞ்சினில் ஒரு இன்ஜெக்டரின் ஊசி எழும்பும் கணத்தைச் சொல்லும் சென்சார் இருக்கிறது. டீசல் எப்போது பீய்ச்சப்பட வேண்டும் என்ற எண்ணும், உண்மையில் எப்போது பீய்ச்சப்பட்டது என்ற எண்ணும் திரையில் அடுத்தடுத்து வரும். ஐடிலில் இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் அப்படி ஒத்துப்போக வைக்க, பம்பை முன்னே தள்ளும் வால்வைக் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட முழு மூச்சாக அழுத்திக்கொண்டிருந்தது. வேகம் கூட்டினால் உண்மை எண் பின்தங்கியது. நிமிர்ந்து நிற்கும் மனிதன் வாயிற்கதவை முதுகால் தள்ளிப் பிடித்திருப்பது மாதிரி. பார்க்க நிமிர்ந்துதான் தெரியும்.

காலைப் புகைக்கும் அங்கேயே விளக்கம் கிடைத்தது. பம்பை முன்னே தள்ளுவது பம்புக்குள் உள்ள டீசலின் அழுத்தம். எஞ்சின் ஓடினால்தான் அந்த அழுத்தம் எழும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் அது சொற்பம். எனவே சாவி திருப்பும் கணத்தில் கம்ப்யூட்டர் உதவிக்கு வர முடியாது. பானாவால் வைத்த நிலைதான் ஆளும். பானா வைத்த நிலை பிந்தியிருந்தால் காலையில் புகை, சூடான பின் சமாளிப்பு, மேம்பாலத்தில் இழுவைக் குறைவு. மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள்.

ஆனாலும் அவர் கம்ப்ரஷன் பார்க்காமல் பெல்ட் கவரைத் திறக்கவில்லை. 28, 28, 27, 28. வால்வின் நேரம் தவறவில்லை. பெல்ட்டில் பல் எதுவும் தப்பவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தவறியது டீசலின் நேரம் மட்டும், அதுவும் ஒரு பல்லுக்கும் மிகக் குறைவாக. பல் தப்பாமல் பம்ப் மட்டும் எப்படிச் சில டிகிரி நகரும்?

கவரைத் திறந்து கிராங்க்கை டாப்பில் வைத்தார். கேமின் பின்முனைப் பள்ளத்தில் தட்டையான லாக் தகடு இறுக்கமில்லாமல் உட்கார்ந்தது. பம்ப் புல்லித் துளையில் லாக் பின்னை நீட்டினார். உள்ளே போகவில்லை. துளையும் துளையும் சேராமல், பிறைநிலா வடிவத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புல்லி பம்பின் தண்டில் மூன்று போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தது. போல்ட் நுழையும் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும்; நுட்பமாகத் திருத்துவதற்காகவே அப்படி. முறைப்படி செய்வதானால் பம்பின் தண்டை லாக் பின்னைக் கொண்டு பூட்டிவிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, பெல்ட்டை முறுக்கேற்றிய பிறகு, மறுபடி இறுக்க வேண்டும். முன்பு பெல்ட் போட்டவர் போல்ட்டுகளைத் தளர்த்தியிருக்கிறார், பின்னைப் போடாமலே இறுக்கியிருக்கிறார். துளை விலகியிருந்தது ஒரு மில்லிமீட்டர் இருக்கும். மையத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டர் என்றால் பம்ப் சுமார் 2 டிகிரி திரும்பியிருக்கிறது. கிராங்க் கணக்கில் 4 டிகிரி. ஐடிலில் அது ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. தெருவை மூடிய புகைக்கு மூலம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் இல்லாத பழைய ரோட்டரி பம்பாக இருந்தால் லாக் பின்னோடு வேலை முடியாது. நான்கு டீசல் குழாய்களுக்கு நடுவிலுள்ள பிளக்கைக் கழற்றி அங்கே ஒரு டயல் கேஜைத் திருகி மாட்ட வேண்டும். கிராங்க்கைப் பின்பக்கமாக மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் முள் இறங்குவது நிற்கும்; அங்கே கேஜைப் பூஜ்யமாக்கி, முன்பக்கமாகத் திருப்பி டாப்புக்குக் கொண்டுவந்தால், பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது என்று முள் காட்டும். அந்த எஞ்சினுக்குரிய அளவோடு ஒத்துப்போகாவிட்டால் பம்பையே அதன் நீள்துளைகளில் எஞ்சின் பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ அசைத்துத் திருத்துவார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை பார்க்கும் வேலை. காதால் கேட்டுப் பம்பைத் திருப்பி வைக்கும் மேதைகளும் உண்டு. நான் என் எஞ்சினை அவர்களிடம் விட மாட்டேன்.

பின்னைப் போட்டு, மூன்று போல்ட்டையும் இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி பின்னைப் போட்டுப் பார்த்தார். வெண்ணெயில் ஊசி இறங்கியதுபோல் இறங்கியது. டென்ஷனரின் முள் அதன் பள்ளத்துக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்தார். எஞ்சின் ஆறியிருக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். சூடானால் அலுமினிய ஹெட் விரிந்து பெல்ட் இறுகிவிடும், அளவு ஏமாற்றும். வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். டைமிங் சரியா என்று ஸ்கேனர் சொல்லும், ஆனால் காலையில் ஆறிய எஞ்சின்தான் தீர்ப்புச் சொல்லும் என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது சாவியை என்னிடமே கொடுத்தார். அரைச் சுற்றில் பிடித்தது. புகைக்குழாயின் பின்னால் கையை நீட்டி முகர்ந்து பார்த்தார், தலையசைத்தார். பிறகு பெல்ட் கவரின் உட்புறம் மார்க்கர் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி மூடினார்.

பெல்ட் மாற்றிய பிறகு உங்கள் வண்டி முன்பு இருந்தபடி இல்லையென்றால், ஓடி ஓடிச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். சத்தம் மாறியிருந்தால் ஓட்டவும் வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். போய் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: லாக் பின் போட்டு இறுக்கினீர்களா?